ரேடியோ கட்டடத்தில் ஒரு சாப வெடி

தோக்கியோவின் அகிஹபாரா ரயில் நிலையத்தில் 'மின்சார நகர்' என்று எழுதியிருக்கும் வாசல் வழியாக வெளியே வந்தால், பத்தடி தூரத்திலேயே ஒரு கட்டடம் நிற்கும். அதன் முகப்பில் பெரிய மஞ்சள் பலகை. கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை அதன் பக்கம் காட்டினேன். 'உலகின் ரேடியோ கட்டடம்' என்றது.

பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வானொலியில் பேசிப் பிழைக்கிறவளுக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடைக்குமா? அப்படியே நின்று படம் எடுக்கத் தொடங்கினேன். அண்ணன் மகன் என் கைப்பையின் வாரைப் பிடித்து இழுத்தான்.

"அத்தை, அது ரேடியோ கடை இல்ல. உள்ள எல்லாம் அட்டைக் கடை. லேட் ஆச்சுன்னா நல்லதெல்லாம் போயிடும்."

மணி காலை பத்தேமுக்கால்.

அவன் சொன்னதும் சரி, பலகை சொன்னதும் சரி. போர் முடிந்த பிறகு இந்த வட்டாரத்தில் தெருவோரக் கடைகள் முளைத்தன. பக்கத்தில் இருந்த மின்பொறியியல் பள்ளி மாணவர்கள் வால்வுகளையும் கம்பிகளையும் இங்கே வாங்கிப்போய் வானொலிப் பெட்டி கட்டி விற்றார்கள். 1949ல் தெருவோரக் கடைகளை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தபோது, பல வியாபாரிகள் ரயில் பாலத்தின் அடியில் ஒண்டிக்கொண்டார்கள். அந்த வரிசைகளில் சில இன்னும் இருக்கின்றன. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அளவுக்குக் குறுகலான சந்துகள். ஆள் உட்கார இடம் விட்டு மீதியெல்லாம் சின்னச் சின்ன இழுப்பறைகள்.

ரேடியோ கட்டடமும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். 1976ல் என்இசி நிறுவனம் இதன் ஏழாம் மாடியில் ஓர் இடத்தைத் திறந்து, கணினி என்றால் என்னவென்றே தெரியாத மக்களுக்குச் சிறு கணினிகளைத் தொட்டுப் பழகக் கற்றுக்கொடுத்தது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு 2014ல் புதியதைத் திறந்தார்கள். வானொலி, கணினி, பிறகு பொம்மை, இப்போது விளையாட்டு அட்டை. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

நாங்கள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகனுக்கு வயது 11, தொடக்கநிலை 5. போக்கிமான் அட்டை விளையாட்டில் மாதம் ஒரு போட்டிக்காவது போவான். அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ. அண்ணன் வீட்டில் சட்டம் போட்டுவிட்டார். இந்த ஆண்டு ஆகஸ்டில் வரும் புதிய தொகுப்போடு சரி. ஒரு கடைசிப் போட்டி. அதன் பிறகு தேர்வு முடியும்வரை எல்லா அட்டைகளும் அலமாரிக்குள். "இருக்குற காசுக்கு ஒரு தடவைதான் வாங்குவேன். எத வாங்குறதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ," என்று மகனிடம் சொல்லிவிட்டார். அறுபது வெள்ளி.

அந்த அறுபது வெள்ளியை எந்த அட்டைகளுக்குக் கொடுப்பது என்று மே மாதம் முழுவதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தான். நம் ஊரில் நாம் வாங்கும் ஆங்கிலத் தொகுப்பு, ஜப்பானில் ஓரிரு மாதம் முன்பே வந்துவிடும். அந்தத் தொகுப்பின் பெயர் அங்கே 'நைட் வாண்டரர்'. 2024 ஜூன் 7, வெள்ளிக்கிழமை வெளியானது. ஆங்கிலத்தில் ஆகஸ்ட் 2ஆம் தேதி 'ஷ்ரவுடட் ஃபேபிள்' என்று வரவிருந்தது. அதனால் ஒவ்வொரு அட்டையின் படமும் ஜப்பானில் வெளியாகும் போதெல்லாம், சிங்கப்பூரில் ஒரு பையன் அதற்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று குறித்துவைப்பான். ஜூன் பள்ளி விடுமுறையில் நான் தோக்கியோ போகிறேன் என்றதும், அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்துவிட்டான். அண்ணனும் அண்ணியும் விமானச் சீட்டுக்குப் பணம் கொடுத்தார்கள். அண்ணி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் இந்த அட்டைகளைப் பார்த்தும் விளையாட்டு என்னவென்று தெரியாத பெற்றோருக்காக ஒரு பத்தி. ஒருவருக்கு 60 அட்டை. அதில் ஆறு அட்டைகளை ஆரம்பத்திலேயே கவிழ்த்து ஓரமாக வைத்துவிட வேண்டும். அவை பரிசு அட்டைகள். எதிராளியின் போக்கிமானை வீழ்த்தினால் உங்கள் பரிசில் ஒன்றை எடுக்கலாம். 'இஎக்ஸ்' என்று போட்ட பெரிய போக்கிமானை வீழ்த்தினால் இரண்டு. ஆறையும் முதலில் எடுப்பவர் வென்றார். தாக்குவதற்கு ஆற்றல் அட்டை வேண்டும். ஒரு முறைக்கு ஒன்றுதான் கையிலிருந்து பொருத்தலாம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இதில் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. இந்த விளையாட்டு ஜப்பானில் 1996 அக்டோபரில் பிறந்தது. ஆங்கிலத்தில் 1999ல் வந்தது. அப்போது நானும் அண்ணனும் தொடக்கப்பள்ளி. புளோக்குக்குக் கீழே இருக்கும் கல்மேசையில்தான் எங்கள் போட்டி. அண்ணன் ஒன்பது அட்டைகளைக் கொடுத்து ஒரு சாரிசார்ட் வாங்கினார். தீயைக் கக்கும் அந்தப் பறக்கும் பல்லியின் படம்தான் அன்றைக்குப் பள்ளிக்கே ராஜா. உயிர்ப்புள்ளி 120. ஒரே அடியில் 100 சேதம். அதற்கு மேல் அந்தத் தொகுப்பில் யாரும் அடிக்கவில்லை.

ஆனால் அதை ஆட்டத்தில் இறக்கிப் பாருங்கள். முதலில் குட்டி சார்மாண்டர், பிறகு சார்மீலியன், பிறகு சாரிசார்ட். அடிக்க நான்கு ஆற்றல் வேண்டும். அதாவது நான்கு முறை காத்திருக்க வேண்டும். ஒரு முறை அடித்ததும் இரண்டு ஆற்றலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அதற்குள் நான் ஹிட்மோன்சான் என்ற குத்துச்சண்டைக்காரனை வைத்து, ஒரே ஓர் ஆற்றலில் இருபது இருபதாகக் குத்தி அண்ணனைத் தோற்கடித்துவிடுவேன். அமெரிக்காவிலும் அப்போது போட்டிகளில் கொடிகட்டிப் பறந்தது ஹிட்மோன்சானும் எலெக்டபஸும் சேர்ந்த கட்டுதான் என்பது பிறகு தெரிந்தது. அண்ணனின் சாரிசார்ட் ஓரம் மடங்கி இன்றும் வீட்டில் இருக்கிறது. அதை வைத்து அவர் என்னை ஒரு முறைகூட வென்றதில்லை. இதை எழுத அவரிடம் அனுமதி கேட்கவில்லை.

ஆகவே, புதிய அட்டையை எடைபோடுவதில் எனக்குக் கொஞ்சம் ஞானம் உண்டு என்ற நினைப்போடுதான் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தேன்.

உள்ளே மின்படியில் ஏற ஏற, மாடிக்கு மாடி கண்ணாடிப் பெட்டிகள். சில மாடிகளில் அந்தப் பெட்டிகளை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம். உங்கள் பொம்மையையோ அட்டையையோ விலை ஒட்டி வைத்துவிட்டுப் போகலாம், கடை விற்றுத் தரும். அட்டைக் கடைகளில் விலை அதிகமான அட்டைகள் கண்ணாடிக்குள் நிமிர்ந்து நிற்கும். விலை குறைந்தவை நீளமான அட்டைப்பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் படுத்திருக்கும். பெரும்பாலான கடைகளில் படம் எடுக்கக் கூடாது. எங்காவது ஓர் ஓரத்தில் ஓர் இயந்திரம் நிற்கும். காசு போட்டால் கடைக்காரரே கட்டிய ஒரு பொட்டலம் விழும். ஒரிபா என்பார்கள். விலை உயர்ந்த அட்டை சில பொட்டலங்களில்தான் இருக்கும், மீதியெல்லாம் சவ்வரிசி. பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த இயந்திரத்தைக் கண்டால் நடையைக் கொஞ்சம் வேகமாகப் போடுவது நல்லது. நான் போடவில்லை. ஆயிரம் யென் போயிற்று, அதாவது ஒன்பது வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. பையன் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

ஒரு கண்ணாடிக்குள் 'நன்ஜாமோ' என்ற பெண்ணின் அட்டை. ஆங்கிலத்தில் அயோனோ. பளபளக்கும் சிறப்புப் பதிப்புக்கு ஐந்து இலக்கத்தில் யென் விலை. அதே பெண், அதே சொற்கள், சாதாரணப் பதிப்பு கீழே உள்ள பெட்டியில் சில்லறைக்குக் கிடைத்தது. ஆட்டத்தில் இரண்டுக்கும் இம்மியளவும் வித்தியாசம் இல்லை. இந்த மாடியில் இரண்டு விதமான ஆட்கள் உலாவுகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒருவர் கண்ணாடிக்கு நேராக நின்று பார்க்கிறவர். மற்றவர் குனிந்து பெட்டியைப் புரட்டுகிறவர். பையன் குனிந்துவிட்டான்.

அவன் நோட்டில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஒரே அட்டை டஸ்க்நுவார். ஜப்பானியப் பெயர் யோனோவார். ஒற்றைக் கண்ணும் வயிற்றில் ஒரு வாயும் உள்ள பேய். பெட்டியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினான். கைப்பேசியைக் காட்டிப் படித்தேன். அதன் சிறப்புத் திறனுக்கு நான் தமிழில் வைத்த பெயர் 'சாப வெடி'. உங்கள் முறையில் ஒரு தடவை, எதிராளியின் எந்தப் போக்கிமானுக்கும் 130 சேதம் கொடுக்கலாம். ஆற்றல் வேண்டாம், தாக்கும் வாய்ப்பையும் இழக்க வேண்டாம். ஆனால் வெடித்ததும் டஸ்க்நுவார் செத்துவிடும்.

"தானே செத்துப் போனா, எதிராளி பரிசு எடுப்பான்ல?"

"ஆமா, ஒண்ணு."

"இதுக்கு அடிப்படைப் பேய் ஒண்ணு, நடுப்பேய் ஒண்ணு, அதுக்கு மேல இது. இவ்வளவு சிரமப்பட்டு இறக்கி, நாமே சாகடிச்சு, நாமே பரிசும் கொடுக்கணுமா? இதுக்கா அஞ்சு நட்சத்திரம்?"

நான் ஒன்று போட்டேன். அந்த ஒன்றும் படத்துக்காக.

வெள்ளிக்கிழமை தோறும் எனக்கு வேலையே இதுதான். புதிய பாடல்கள் வந்து விழும். எல்லாவற்றையும் முழுதாகக் கேட்க நேரம் இருக்காது. பல்லவி வரை கேட்டு, இது ஓடும், இது ஓடாது என்று ஒதுக்கிவிடுவேன். இரண்டு வாரம் தாங்காது என்று நான் ஒதுக்கிய ஒரு பாடலை, அடுத்த ஓர் ஆண்டுக்கு நேயர்கள் தினமும் கேட்டு வாங்கினார்கள். கார் ஓட்டும்போது கேட்க வேண்டிய பாட்டை நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன் என்பது தாமதமாகத்தான் புரிந்தது.

பையன் நோட்டைத் திறந்தான். எனக்குப் பதில் சொல்லும் பக்கத்தை முன்பே தயாராக வைத்திருந்தான் போலும்.

"அத்தை, நீங்க அட்டைய மட்டும் பாக்குறீங்க. இது யார் பக்கத்துல உட்காரும்னு பாக்கணும்."

பக்கத்தில் உட்காரப்போவது, நம்பினால் நம்புங்கள், சாரிசார்ட். 2023ல் வந்த புதிய சாரிசார்ட் இஎக்ஸ். பரிணாமம் அடைந்து மேசைக்கு வந்ததுமே கட்டிலிருந்து மூன்று தீ ஆற்றல்களை எடுத்துப் பொருத்திக்கொள்ளும். அடிக்க இரண்டே போதும். அதாவது 1999ல் அண்ணன் காத்திருந்த நான்கு முறை இங்கே ஒரே முறை. அதன் அடி 180. கூடவே, எதிராளி இதுவரை எடுத்த ஒவ்வொரு பரிசுக்கும் 30 கூடும். தோற்கத் தோற்க அதற்குப் பலம் ஏறும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். எதிராளி இன்னும் ஒரு பரிசும் எடுக்கவில்லை. அவர் முன்னால் 330 உயிர்ப்புள்ளியோடு ஒரு பெரிய போக்கிமான். சாரிசார்ட் மட்டும் அடித்தால் 180, விழாது. முதலில் சாப வெடி, 130. எதிராளி ஒரு பரிசு எடுக்கிறார். அந்த ஒரு பரிசால் சாரிசார்ட்டின் அடி 210 ஆகிறது. 130உம் 210உம் 340. 330 காலி. நீங்கள் எடுப்பது இரண்டு பரிசு. கொடுத்தது ஒன்று. கொடுக்காமல் இருந்திருந்தால் பத்து புள்ளியல்ல, இருபது புள்ளி குறைந்திருக்கும்.

நான் அந்தக் கணக்கை மின்படியின் பக்கத்தில் நின்றபடி விரல்விட்டு இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

"இதுல இன்னொண்ணு," என்றான். "எதிராளிய விட நமக்குப் பரிசு அதிகமா மீதி இருந்தாத்தான் வேலை செய்யுற அட்டைங்க இருக்கு. பேய் வெடிச்சா அதுவும் திறந்துக்கும்."

கவுன்ட்டர் கேட்சர் என்ற அட்டையைச் சொல்கிறான். எதிராளி பின்வரிசையில் பத்திரமாக ஒளித்துவைத்த போக்கிமானை முன்னால் இழுத்துவருவது. பின்தங்கியிருப்பவருக்கு மட்டும் அனுமதி. நான் பார்த்தது ஒரு நஷ்டம். அவன் பார்த்தது மூன்று கதவுகளுக்கு ஒரு சாவி.

புதிய அட்டை வெளியாகும்போது எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டேன். என் நிகழ்ச்சியில் யாரையாவது பேட்டி எடுப்பது போலத்தான் கேட்டேன். அவனும் அப்படியே பதில் சொன்னான். எத்தனை சேதம் என்பதைக் கடைசியாகத்தான் படிப்பானாம். மேசைக்கு வர என்ன செலவு, வந்த அன்றே வேலை செய்யுமா, தோற்றுக்கொண்டிருக்கும்போது கையில் இது ஒன்று மட்டும் வந்தால் காப்பாற்றுமா என்று முதலில் பார்ப்பானாம். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எல்லா அட்டையும் நல்ல அட்டைதான் என்றான். பதினொரு வயது!

ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்குச் சந்தேகம். மொழிபெயர்ப்பு சரியா? செயலி ஒரு சொல்லை விட்டுவிட்டால் ஐந்து நட்சத்திரமும் போச்சு. இது வெறும் பயம் இல்லை. 2000ல் ஆங்கிலத்தில் வந்த ஸ்லோகிங் என்ற அட்டையின் ஜப்பானிய மூலத்தில், அது முன்வரிசையில் இருந்தால்தான் அதன் சக்தி வேலை செய்யும் என்று இருந்தது. ஆங்கிலத்தில் அந்த நிபந்தனை விடுபட்டுப் போயிற்று. பின்வரிசையில் உட்கார்ந்தபடியே எதிராளியின் பயிற்சியாளர் அட்டைகளைத் தடுத்தது. ஜப்பானில் சாதுவான ஓர் அட்டை ஆங்கிலத்தில் அரக்கனாகிவிட்டது. பிறகு அதைப் போட்டிகளிலிருந்து விலக்க வேண்டியிருந்தது. அதனால் இங்கே யாராவது இந்தப் பேயை ஆடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றான்.

குட்டிப் பேய் இரண்டு, நடுப்பேய் ஒன்று, டஸ்க்நுவார் ஒன்று வாங்கினோம். நான்குக்கும் சேர்த்து என் காலைக் காப்பியைவிடக் குறைவு. அவன் ஆடும் போட்டிக்கு ஆங்கில அட்டைதான் வேண்டும். இவை பழகிப் பார்க்க மட்டும். ஜப்பானிய அட்டையின் முதுகும் ஆங்கில அட்டையின் முதுகும் வேறு வேறு என்பதால், வெளியே தெரியாத உறைகளில் போட்டுத் தன் கட்டோடு கலந்துகொண்டான்.

மாலை வரை பொழுது போக வேண்டுமே. அண்ணியின் நிபந்தனையை நிறைவேற்றக் கிளம்பினோம். அகிஹபாராவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் யுஷிமா தென்ஜின் ஆலயம் இருக்கிறது. அங்கே வணங்கப்படுவது கல்விக்குரிய தெய்வமாகப் போற்றப்படும் பழங்கால அறிஞர் சுகவரா நோ மிச்சிசானே. பரீட்சை எழுதும் பிள்ளைகள் மரப்பலகைகளில் வேண்டுதலை எழுதிக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள். 'பிஎஸ்எல்இக்கு ஒண்ணு எழுதிட்டு வா,' என்பது அண்ணியின் கட்டளை. பையன் வெகுநேரம் யோசித்துத் தமிழில் எழுதினான். எழுதியதை உடம்பால் மறைத்துக்கொண்டே போய் மாட்டினான். நான் பார்க்கவில்லை. பார்த்தால் பலிக்காது என்று அவனே ஒரு விதி போட்டுவிட்டான்.

திரும்பும் வழியில் பாலத்தடிச் சந்துக்குள் ஐந்து நிமிடம் எனக்காக நின்றான். ஒரு பெரியவர் பழைய மின்தேக்கிகளைத் தட்டில் பரப்பி வைத்திருந்தார். பெரிதாக, நீலமாக, அழகாக இருந்த ஒன்றைக் காட்டி, இது நல்லதா என்று செயலியில் கேட்டேன். அவர் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டார். செயலி அதை இப்படி மொழிபெயர்த்தது: 'எந்தச் சுற்றுக்கு?' பையன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் கவனிக்காதது போல் நடந்துகொண்டேன்.

மாலை ஆறரைக்கு மேல், அட்டைக் கடையின் ஆட்டமேசைகள் நிறைந்துவிட்டன. செவ்வாய்க்கிழமை. பாதிப் பேர் அலுவலகத்திலிருந்து நேராக வந்தவர்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, காலடியில் கணினிப் பை. அப்படி ஒருவர் தனியாகக் கட்டைக் குலுக்கிக்கொண்டிருந்தார். பையன் போய்க் குனிந்து வணங்கித் தன் கட்டைக் காட்டினான். அவர் கையால் நாற்காலியைக் காட்டினார்.

இரண்டு பேருக்கும் பொது மொழி இல்லை. ஆனால் இருபது நிமிடம் பேசிக்கொண்டார்கள். "ரிசாடோன்," என்றார் அவர், தன் சாரிசார்ட்டை வைத்து. "ரிசாடோன்," என்றான் இவனும். ஒரே மாதிரிக் கட்டு! 330 உயிர்ப்புள்ளியோடு அவருடையது முன்னால் நின்றது. பையன் குட்டிப் பேயை ஒரேயடியாக டஸ்க்நுவாராக மாற்றி, அதை விரலால் தொட்டு, "பூம்," என்றான். அவர் தலையசைத்துத் தன் பரிசில் ஒன்றை எடுத்தார். அடுத்தது சாரிசார்ட். 130, 210. அவர் அட்டையைத் தூக்கிக் குவியலில் போட்டுவிட்டு, நாவால் ஒரு சத்தம் எழுப்பினார். நோட்டில் இருந்த ஐந்து நட்சத்திரமும் மேசையில் மின்னியது. நான் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி கைதட்டிவிட்டேன். இங்கே யாரும் கைதட்டுவதில்லை.

ஆட்டம் நீண்டது. அவரும் அதே பேயை வைத்திருந்தார், அவரும் வெடித்தார். கடைசியில் பையனுக்கு இரண்டு பரிசு மீதி, அவருக்கு ஒன்று. பையன் கையில் நடுப்பேய் வந்துவிட்டது. அதற்கும் சின்ன சாப வெடி உண்டு, 50 சேதம். அவருடைய போக்கிமானை வீழ்த்த அவனுக்குக் குறைந்தது சரியாக அந்த அளவுதான். மேசையில் இறக்கினான். முகமெல்லாம் சிரிப்பு. விரலை அதன் மேல் வைத்து வாயைத் திறந்தான்.

அவர் கையை மெல்ல உயர்த்தி நிறுத்தினார். பிறகு ஒரு விரலால் தன் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஒற்றைப் பரிசு அட்டையைத் தொட்டார்.

பேய் வெடித்தால் அவருக்கு ஒரு பரிசு. அவருக்கு வேண்டியதும் ஒரு பரிசுதான்.

பையனின் காது சிவந்தது. விரலை எடுத்துக்கொண்டான். அவர் "தைஜோபு," என்றார்; பரவாயில்லை என்று பொருள். அடுத்த முறையில் எப்படியும் அவர்தான் ஜெயித்தார். எழுந்து நின்று இருவரும் குனிந்து வணங்கிக்கொண்டார்கள். ரயிலில் திரும்பும்போது நோட்டை எடுத்து, ஐந்தாவது நட்சத்திரத்தின் பாதியை அடித்தான். பக்கத்தில் எழுதினான்: 'கடைசிப் பரிசில் கல்.'

ஆகஸ்டில் ஆங்கிலத் தொகுப்பு வந்தது. அறுபது வெள்ளியில் பொட்டலம் ஒன்றுகூட வாங்கவில்லை. தேவையான அட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக வாங்கினான். பதினேழு வெள்ளி மிஞ்சியது. அதே மாதம் ஹொனலுலுவில் நடந்த உலகப் போட்டியின் பெரியவர் பிரிவில் சிலி நாட்டு இளையர் வென்றார். அவர் ஆடியது அயர்ன் தார்ன்ஸ். எதிராளியின் பெரிய போக்கிமான்களின் திறன்களை முடக்கிவிட்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் அட்டை அது. பையனின் நோட்டில் அதற்கு இரண்டே நட்சத்திரம் இருந்தது. ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை.

செப்டம்பர் விடுமுறைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஜாலான் புசார் பக்கத்தில் ஒரு கடையில் அந்தக் கடைசிப் போட்டி. ஐந்து சுற்று. நான் காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு நான்காம் சுற்றுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார், கைகட்டி.

எதிரே உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர். அவருக்கு ஒரு பரிசு மீதி. பையனுக்கு இரண்டு. பின்வரிசையில் டஸ்க்நுவார் தயாராக உட்கார்ந்திருந்தது. பையன் அதைப் பார்த்தான். மேசையை விரலால் இரண்டு தட்டு தட்டினான். பிறகு கையிலிருந்து வேறோர் அட்டையை எடுத்து வைத்தான். நன்ஜாமோ, அதாவது அயோனோ, சில்லறைப் பதிப்பு. இருவரும் கையில் இருப்பதையெல்லாம் கட்டின் அடியில் வைத்துவிட்டு, தமக்கு மீதியுள்ள பரிசு எத்தனையோ அத்தனை அட்டை மட்டும் புதிதாக எடுக்க வேண்டும். ஏழு அட்டைகளோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அந்த மாணவரின் கையில் இப்போது ஒன்று. அடுத்த முறை இன்னொன்று எடுத்தார். இரண்டும் உதவவில்லை. பேய் கடைசிவரை வெடிக்கவே இல்லை.

ஐந்தில் மூன்று வெற்றி. பரிசு எதுவும் இல்லை. அன்றிரவு அண்ணன் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் அட்டைப்பெட்டிகளை அவனே அலமாரியின் மேல்தட்டில் அடுக்கினான். அண்ணி எதுவும் சொல்லாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஏன்டா, அந்தப் பேய் தானே செத்துப் போகுதே. அத வச்சு என்ன லாபம்?"

பையன் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தான். டஸ்க்நுவாருக்கு உப்புக் குப்பி, சாரிசார்ட்டுக்கு மிளகுக் குப்பி, பரிசுக்கு ஆறு அப்பளத் துண்டு. 130. ஒரு அப்பளம் அண்ணன் பக்கம் போயிற்று. 210. இரண்டு அப்பளம் இவன் பக்கம் வந்தது.

அண்ணன் கொஞ்ச நேரம் மிளகுக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரு, இரு. அந்த முப்பது எங்கேர்ந்து வந்துச்சு? இன்னொரு தடவ சொல்லு."